சோமாலியாவில் ஒரு மாநிலம் உருவாகும்போது குலக்கணக்கு எங்கிருந்து வருகிறது?

கேள்வி கேட்டவர் இரண்டே வரியில் கேட்டிருக்கிறார்: "சோமாலியாவில் மாநிலம் அமைக்கும்போது எந்தக் குலம் எத்தனை விழுக்காடு என்று பார்த்துத்தான் பதவிகளைப் பிரிக்கிறார்களாமே? ஜுபாலாந்தில் எந்தக் குலம் பெரும்பான்மை, அதற்கு உரிய பங்கு கிடைத்ததா?" ஆளெண்ணிக்கைக்கு ஏற்பத்தான் அதிகாரம் பங்கிடப்படுகிறது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். பெரும்பான்மை யார் என்பதற்கு முன்னால் அந்த முடிவைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கே யாரும் எண்ணவில்லை. எண்ணாமலேயே பங்கு போடுவதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சண்டைகள் எல்லாம் அந்த வழியின் இடுக்குகளிலிருந்து வருபவை.

நான் நைரோபியில் இருந்துகொண்டு தென் சோமாலியாவுக்கான நிவாரணத் திட்டங்களில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். தெற்கே இருக்கும் ஜுபாலாந்து மாநிலத்தின் துறைமுக நகரமான கிஸ்மாயோவுக்கும், அதே மாநிலத்தில் கெதோ பிராந்தியத்தின் தோலோவுக்கும் பலமுறை போய்வந்திருக்கிறேன். அதன் இன்னொரு பிராந்தியமான நடு ஜுபாவில் கால் வைத்ததில்லை. அந்தப் பகுதி பற்றி நான் சொல்வது அங்கிருந்து வெளியேறியவர்கள் வாயால் கேட்டது. அரசியல் பேச்சுவார்த்தை எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் கிணறு தோண்டவோ காவலாளி வைக்கவோ போனால்கூட அங்கே குலப் பங்கு பார்த்தாக வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஆள் எடுப்பதற்கு முன் மூன்று தரப்புப் பெரியவர்களிடம் தனித்தனியே "இங்கே உங்கள் ஆட்கள் எவ்வளவு?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஒருவர் 60 விழுக்காடு என்றார். அடுத்தவர் 50. மூன்றாமவர், "பாதிக்குக் குறையாது, குறித்துக்கொள்." என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்த சோமாலி சகா, "நாலாவது ஆளைக் கேட்காமல் விட்டாயே, பிழைத்தாய்" என்றார்.

எண்ணிக்கை விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். 1975இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. எண்பதுகளின் நடுவில் இன்னொன்று நடந்தது; அதன் முழு முடிவுகள் வெளியிடப்படவே இல்லை. 1991இல் சியாத் பர்ரேயின் ராணுவ ஆட்சி விழுந்தபின் எண்ணுவதற்கு அரசே இல்லை. 2014இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது: நாடு முழுவதும் சுமார் 1 கோடியே 23 லட்சம் பேர். நகரத்தார், கிராமத்தார், மேய்ச்சல்காரர், இடம்பெயர்ந்தோர் என்று அதில் பிரித்திருக்கிறார்கள். குலம் பற்றிய கேள்வி அதில் கிடையாது. கேட்டிருந்தால் அந்தக் கணக்கெடுப்பு நடந்தே இருக்காது என்பது என் எண்ணம். ஆகவே இணையத்தில் "ஒகாதேன் இத்தனை விழுக்காடு, மரேஹான் இத்தனை விழுக்காடு" என்று குலவாரியாகப் பார்த்தால், அதை ஒரு தரப்பின் கோரிக்கையாக மட்டும் படியுங்கள்.

அப்படியானால் 4.5 என்கிறார்களே, அது என்ன? 2000ஆம் ஆண்டு ஜிபூத்தியின் ஆர்த்தா நகரில் நடந்த சமாதான மாநாட்டில் எல்லோரும் இறங்கிவந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. தாரோத், ஹாவியே, திர், திகில்-மிரிஃப்லே என்ற நான்கு பெருங்குலங்களுக்கும் ஆளுக்கொரு சம பங்கு. மற்ற சிறுபான்மையினர் எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. 2012இல் அமைந்த 275 பேர் கொண்ட மக்களவையில் நான்கு பெருங்குலங்களுக்கும் தலா 61 இடங்கள், மீதி 31 சிறுபான்மையினருக்கு. நாலு பெருங்குலங்களும் தலைக்குத் தலை சமமாக இருப்பது எந்த நாட்டிலும் நடக்காத காரியம். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். நம்பாமலேயே ஒப்புக்கொண்டார்கள், ஏனென்றால் எண்ண ஆரம்பித்தால் மறுபடி துப்பாக்கியை எடுக்க வேண்டியிருக்கும். அரைப் பங்குக்குள் அடைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தப் போர்நிறுத்தத்தில் கேட்கும் குரல் இல்லை.

மாநிலம் என்று வந்தால் 4.5 பெரும்பாலும் உதவாது, ஜுபாலாந்தில் சுத்தமாக உதவாது. அங்கே முதன்மையாக மோதிக்கொண்டவர்கள் ஒகாதேன், மரேஹான், ஹர்த்தி. மூவருமே தாரோத். 4.5 கணக்கில் மூன்று பேரும் ஒரே பெட்டி. நாட்டின் தலைநகர் மொகதிஷுவில் ஒரே அணியாக 61 இடங்களுக்கு உட்காருகிறவர்கள், கிஸ்மாயோவில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. சோமாலியாவில் குலம் என்பது ஒரு மட்டத்தில் நிற்கும் அடையாளம் கிடையாது. எதிரே நிற்பவரைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஹாவியேக்காரரிடம் பேசும்போது தாரோத், மரேஹானிடம் பேசும்போது ஒகாதேன், இன்னொரு ஒகாதேனிடம் பேசும்போது அதற்குள் ஒரு கிளை.

நம்மவர்கள் இதைச் சாதி என்று புரிந்துகொண்டால் எல்லாம் குழம்பிவிடும். சாதிக்குள் பெண் எடுப்பார்கள். சோமாலி மேய்ச்சல் குலங்களோ நெருங்கிய பங்காளிகளைத் தவிர்த்து வெளியே பெண் எடுப்பதையே விரும்பி வந்தவை. தந்தைவழிப் பங்காளிகளை அவர்கள் 'தோல்' என்பார்கள், சம்பந்தி உறவை 'ஹிதித்' என்பார்கள். ஒரு குலத்துக்கு எதிரே நிற்கும் குலத்தில்தான் பல சமயம் மாமனும் மச்சானும் இருப்பார்கள், சமாதானம் பேசப் போகிறவர்களும் அவர்கள்தான். சாதியை ஓரளவு நினைவூட்டுவது மதிபான், துமால், யிபிர் போன்ற தொழில்வழிச் சிறுபான்மையினரின் நிலை. மற்றவர்கள் அவர்களோடு மண உறவு வைக்க மறுப்பார்கள்.

நடைமுறையில் எடை உள்ள அலகு பெருங்குலத்தைவிட மிகச் சிறியது: 'மக்' குழு. ஒருவர் கொலை செய்துவிட்டால் இழப்பீட்டைச் சேர்ந்து கட்டும், கொல்லப்பட்டால் சேர்ந்து வாங்கும் சில நூறு முதல் சில ஆயிரம் ஆண்கள் கொண்ட வட்டம். ஆணுக்கு 100 ஒட்டகம் என்பது வழக்கமான அளவு. எழுதப்படாத ஒப்பந்த முறையான 'ஹேர்' நிற்பது இந்த வட்டத்தின் மேல்தான். மாநில அவையில் ஓர் இடத்துக்கு யார் என்று கேட்டால், அந்தந்த வட்டத்தின் உகாஸ், சுல்தான், மலாக் என்று பட்டம் பெற்ற பெரியவர் கையெழுத்திட்டுப் பெயர் தருவார். ஆகவே முதல் சண்டை, இடங்கள் எத்தனை என்பதைப் பற்றியே இருக்காது. கையெழுத்திடத் தகுதியுள்ள பெரியவர் யார், இந்தக் கிளைக்குத் தனி உகாஸ் உண்டா என்பதில்தான் ஆரம்பிக்கும். மாநாடு நெருங்க நெருங்க புதிய பட்டத்தார்கள் முளைப்பது அங்கே வழக்கமான கேலி.

இப்போது ஜுபாலாந்து. கெதோ, நடு ஜுபா, கீழ் ஜுபா என்று மூன்று பிராந்தியங்கள். 2012 ஆகஸ்டில் ஏற்கப்பட்ட தற்காலிக அரசியலமைப்புப்படி, 1991க்கு முன்பிருந்த பிராந்திய எல்லைகளை வைத்து, இரண்டோ அதற்கு மேலோ பிராந்தியங்கள் விரும்பிச் சேர்ந்து ஒரு மாநிலம் ஆகலாம். 2014 மதிப்பீட்டில் கெதோ சுமார் 5 லட்சத்து 8 ஆயிரம், கீழ் ஜுபா 4 லட்சத்து 89 ஆயிரம், நடு ஜுபா 3 லட்சத்து 63 ஆயிரம். குலக்கணக்கு இல்லாவிட்டாலும் இட வரைபடம் ஒன்று எல்லோர் மனதிலும் இருக்கிறது, அதில் பெரிய தகராறு கிடையாது. கெதோவில் மரேஹான் முன்னணி, ஓரங்களில் ரஹன்வெய்ன் எனப்படும் திகில்-மிரிஃப்லே. கீழ் ஜுபாவின் அஃப்மதோ சுற்றுவட்டாரம் ஒகாதேன் நாடு. கிஸ்மாயோவில் ஹர்த்தி, ஒகாதேன், மரேஹான் எல்லோரும். கடற்கரையிலும் தீவுகளிலும் பஜுனி மீனவர்கள். ஜுபா ஆற்றங்கரை நெடுக பாந்து எனப்படும் உழவர்கள். அவர்களில் பெரும்பாலோர் 19ஆம் நூற்றாண்டில் இன்றைய மொசாம்பிக், தான்சானியா பகுதிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்.

தகராறு, "இது யாருடைய ஊர்" என்பதில் வருகிறது. சோமாலியில் இதற்கு மூன்று சொற்கள் உண்டு. 'உ தஷய்' என்றால் இந்த மண்ணுக்குரிய குலத்தில் பிறந்தவன். 'கு தஷய்' என்றால் இந்த இடத்தில் பிறந்தவன். 'கு தக்மய்' என்றால் இங்கே குடியிருந்து பிழைப்பவன். மாநாட்டில் உட்கார உரிமை எதனால் வருகிறது? கிஸ்மாயோவில் ஒவ்வொருவரும் தனக்கு வசதியான சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். ஒகாதேன்கள் ஜுபா ஆற்றைக் கடந்து அங்கிருந்த ஓர்மா மக்களைத் தள்ளிவிட்டு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். ஹர்த்திகள் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வடகிழக்குக் கரையிலிருந்து கப்பலேறி வந்த வணிகர்கள். மரேஹான்களுக்குள்ளேயே கெதோவின் பழங்குடிகள் 'குரி', மத்திய சோமாலியாவிலிருந்து பின்னால் வந்தவர்கள் 'கல்தி' என்று பிரிவு உண்டு. இந்த இருவரும் ஒருவரோடொருவர் சண்டையும் போட்டிருக்கிறார்கள். முதலில் வந்தவன் என்பதே அளவுகோல் என்றால் பஜுனிகளைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைக்க வேண்டும். யாரும் அப்படிச் செய்யவில்லை.

ஏனென்றால் நடுவில் இருந்தது துறைமுகம். 1993இல் கிஸ்மாயோவைப் பிடித்தவர் ஜெனரல் மோர்கன். ஹர்த்திகளின் பலம் அவர் பின்னால் இருந்தது. 1999இல் அவரை விரட்டிவிட்டு உட்கார்ந்தது ஜுபா பள்ளத்தாக்குக் கூட்டணி. மரேஹான்களும் ஹாவியேயின் ஒரு கிளையும் சேர்ந்த அணி அது. பர்ரே ஹிராலே தலைமை. 2006இல் இஸ்லாமிய நீதிமன்றங்கள் என்ற இயக்கம், பிறகு அல்-ஷபாப் தீவிரவாதக் குழு. 2012 இலையுதிர் காலத்தில் கென்யப் படையோடு ஊருக்குள் நுழைந்தது அஹ்மெத் மதோபேயின் ராஸ் கம்போனி படை, அவர் ஒகாதேன். சுங்க வரியும் கரி ஏற்றுமதியும் யார் கையில் இருந்ததோ அவர் கையில் படை இருந்தது. இருபது ஆண்டுகளில் ஊர் பலமுறை கை மாறியது. ஊரின் குலக்கலவை அந்த அளவுக்கு மாறவில்லை. கேள்வி கேட்டவருக்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

2013 பிப்ரவரியில் கிஸ்மாயோவில் மாநாடு தொடங்கியது. சுமார் 500 பிரதிநிதிகள். மே 15 அன்று மதோபேயைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஊரில் வேறொரு கூட்டம் பர்ரே ஹிராலேயைத் தலைவர் என்று அறிவித்தது. அடுத்தடுத்து இன்னும் சிலரும் தாங்களே தலைவர் என்றார்கள். ஜூன் மாதம் தெருவில் சுட்டுக்கொண்டார்கள். மொகதிஷு அரசு முதலில் எதையும் ஏற்கவில்லை. கடைசியில் எத்தியோப்பியா நடுவில் நின்று ஆகஸ்ட் 28 அன்று அடிஸ் அபாபாவில் உடன்பாடு எழுதினார்கள்: மதோபே தலைமையில் இரண்டு ஆண்டு இடைக்கால நிர்வாகம். துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் ஆறு மாதத்தில் மத்திய அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. ஒப்படைக்கவில்லை. அந்த ஒரு வரி நடந்திருந்தால் மற்ற பங்கீட்டுப் பேச்செல்லாம் வேறு மாதிரி போயிருக்கும்.

2015இல் 75 பேர் கொண்ட மாநில அவை அமைந்தது. கெதோ மரேஹான்களும் பாந்துகளும் தங்களுக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள்; கூட்டாட்சி நாடாளுமன்றமே அந்த அவையை ஏற்க மறுத்து வாக்களித்தது. அவை கலையவில்லை, ஆகஸ்டில் அது மதோபேயை மறுபடி தேர்ந்தெடுத்தது. இந்த அவையில் எனக்கு எப்போதும் விசித்திரமாகத் தெரிந்தது நடு ஜுபாவின் இடங்கள். மாநிலத்தின் நிரந்தரத் தலைநகர் என்று காகிதத்தில் குறிப்பிட்ட புஆலே அங்கேதான் இருக்கிறது. அதே பிராந்தியத்தின் ஜிலிப் அல்-ஷபாபின் மையம். பிராந்தியம் முழுவதும் அவர்கள் பிடியில். அதன் பிரதிநிதிகள் தங்கள் தொகுதியை மிதிக்க முடியாதவர்கள்; அவர்களைக் கேள்வி கேட்க மக்களும் வர முடியாது. அப்படிப்பட்ட இடம் யாருக்குப் போகும்? கிஸ்மாயோவில் ஆட்சியில் இருப்பவருக்கு வேண்டியவருக்கு. இது குலத்தை மீறிய விஷயம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பாந்துகளின் பங்கு என்ன என்பதுதான் இந்தக் கணக்கில் பெரிய சந்தேகம். ஆற்றங்கரைக் கிராமங்களைப் பார்த்தவர்கள் எவரும், நடு ஜுபாவில் அவர்கள் ஓர் ஓரத்துச் சிறுபான்மை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆயுதப் படை வைத்துக்கொள்ளவில்லை, 'மக்' கட்டும் பலமான வட்டம் இல்லை, பட்டம் பெற்ற பெரியவர்களின் வரிசை இல்லை. கென்யாவின் ததாப் அகதி முகாம்களிலிருந்து 2014 கடைசியில் திரும்பத் தொடங்கியவர்களில் நிறையப் பேர் கிஸ்மாயோ விளிம்பில் கூடாரம் போட்டவர்கள். அவர்களில் பாந்துகளும் ரஹன்வெய்ன்களும் அதிகம். ஊரின் தலைக்கணக்கு அவர்களால் கூடியது. அவையின் கணக்கில் அது தெரியவில்லை. ஒரு முகாமில் ஒரு பெரியவர் என்னிடம், "எங்களை உணவுப் பட்டியலுக்கு எண்ணுகிறீர்கள், வேறு எதற்கும் எண்ணுவதில்லை" என்றார். நான் போனதும் உணவுப் பட்டியல் சரிபார்க்கத்தான்.

எண்ணிக்கை சமமாக இருந்தால் மட்டும் தகராறு குறையுமா என்றால், ஹிர்ஷபெல்லேயைப் பாருங்கள். 2016 அக்டோபரில் ஜௌஹரில் உருவான மாநிலம். ஹிரான், நடு ஷபெல்லே என்று இரண்டே பிராந்தியங்கள். 2014 மதிப்பீட்டில் ஹிரான் 5,20,685, நடு ஷபெல்லே 5,16,036. தராசு நேராக நிற்கிறது. ஹிரானில் ஹவாத்லே பலம், நடு ஷபெல்லேயில் அப்கால் பலம், இருவரும் ஹாவியே. எழுதாத ஓர் ஏற்பாடு: தலைநகர் ஜௌஹர் அப்கால் பக்கம், தலைவர் பதவி ஹவாத்லே பக்கம். ஹவாத்லே உகாஸ் இதை ஏற்காமல் தொடக்கத்திலேயே ஒதுங்கிக்கொண்டார். 2020 நவம்பரில் தலைவர் பதவியும் அப்கால்காரரான அலி குத்லாவேக்குப் போனது, ஹவாத்லேக்குத் துணைத் தலைவர் பதவி. ஹிரானின் தலைநகர் பெலெத்வெய்ன் கொதித்தது, ஓய்வுபெற்ற ராணுவத்தார் தலைமையில் ஆயுதக் குழு கிளம்பியது. 2023இல் பதவி நீக்கப்பட்ட ஹிரான் ஆளுநர், ஹிரான் இனித் தனி என்று அறிவித்தார். ஹிரானிலேயே காலஜேல், பாதி அத்தே, மக்கான்னே என்று மற்றவர்களும் இருக்கிறார்கள். ஹவாத்லே ஆள்கிற தனி ஹிரானை அவர்கள் விரும்புவார்களா என்று யாரும் முதலில் கேட்கவில்லை.

கெதோ கதையும் அந்த வழியில்தான் போனது. மொகதிஷுவில் ஃபர்மாஜோ ஜனாதிபதியானார், அவர் மரேஹான். 2020 மார்ச்சில் கெதோவின் பெலெத் ஹாவோவில் மத்தியப் படையும் ஜுபாலாந்துப் படையும் மோதின. கெதோ கிஸ்மாயோவின் கையை விட்டு மொகதிஷுவின் கைக்குப் போனது. கூட்டாட்சி மக்களவைக்காக கெதோவின் தலைநகர் கர்பஹாரேயில் நடக்க வேண்டிய 16 இடங்களின் தேர்வு, யார் பாதுகாப்பில் நடத்துவது என்பதிலேயே நாடு முழுவதும் முடிந்த பிறகும் இழுத்துக்கொண்டு கிடந்தது. கடைசியில் ஊரையே மாற்றி, கென்ய எல்லையில் இருக்கும் எல்வாக்கில் நடத்தினார்கள்.

"அப்படியானால் ஆளுக்கொரு ஓட்டு வைத்துவிடலாமே" என்று கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார். சோமாலியா அதைச் செய்து பார்த்திருக்கிறது. 1969 மார்ச் தேர்தலில் 123 இடங்களுக்கு 60க்கும் மேற்பட்ட கட்சிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் நின்றார்கள். கிளைக்கொரு கட்சி. முடிவு வந்ததும் அனேகமாக எல்லோரும் ஆளுங்கட்சிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அக்டோபரில் ஜனாதிபதி கொல்லப்பட்டார், ஆறு நாளில் ராணுவம் வந்தது. அந்த ராணுவ அரசு குலப் பெயரைச் சொல்வதையே தடை செய்தது, மக்கள் குலத்தைக் கேட்பதற்குப் பதில் "உன் முன்னாள் என்ன?" என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள். 2024 நவம்பரில் மொகதிஷு நேரடி வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்றியபோது மதோபே மறுத்து, 25ஆம் தேதி பழைய முறையிலேயே மறுபடியும் தேர்வானார். டிசம்பரில் கென்ய எல்லையருகே உள்ள ராஸ் கம்போனி ஊரில் மத்தியப் படையும் ஜுபாலாந்துப் படையும் சுட்டுக்கொண்டன. அவர் பதவி ஆசையில் மறுத்தார் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, என் பார்வையில், வாக்காளர் பதிவேடு பற்றிய பயம். மாநிலத்தில் யார் எத்தனை பேர் என்று முதன்முறையாக எழுதி வைக்கப் போகும் ஏடு அது, எழுதுகிறவர் மொகதிஷுவின் ஆள். அந்த இடத்தில் மரேஹான் தலைவர் ஒருவர் இருந்திருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

ஆக, உங்கள் இரண்டாவது வரிக்குப் பதில்: ஜுபாலாந்தில் எந்த ஒரு குலத்துக்கும் பெரும்பான்மை என்று நிரூபிக்க ஆதாரம் கிடையாது. மாவட்டவாரியாக யார் முன்னணி என்பதை மேலே சொல்லியிருக்கிறேன், அது வரைக்கும்தான் நம்பலாம். உரிய பங்கு கிடைத்ததா என்றால், அஃப்மதோவில் கேட்டால் ஆமாம் என்பார்கள், கர்பஹாரேயில் இல்லை என்பார்கள். ஜிலிப்பில் போய் யாரும் கேட்க முடியாது.